வீட்டுக்கு ஒரு கணினி: பூட்டுவதா, பூட்டியதை வாங்குவதா?

கணினி என்பது கந்தோருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உரிய பொருள் என்ற எண்ணம் எங்கள் பகுதிப் பெண்களிடம் இன்னமும் இருக்கிறது. தையல் மெஷின் என்றால் வீட்டுக்குள் வரலாம். ஆட்டுக்கொட்டிலும் கோழிக்கூடும் வளவுக்குள் வரலாம். கொம்பியூட்டர் என்றதும் "அது எங்களுக்குச் சரிவராது" என்று ஒதுங்கிவிடுகிறோம். வாழ்வாதார உதவி என்று வருகிறவர்களும் தையல் மெஷினையும் கோழிக்குஞ்சையும் தாண்டி யோசிப்பது குறைவு. நானோ தட்டச்சு செய்து பிழைக்கிறவள். தையல்காரிக்குத் தையல் மெஷின் எப்படியோ, எனக்குக் கணினி அப்படி. 2024ஆம் ஆண்டு சொந்தமாக ஒன்றை எடுப்பதற்கு முன் நான் விசாரித்தவற்றையும், போட்ட கணக்கையும், கடைசியில் எடுத்த முடிவையும் எழுதினால் இன்னொரு சகோதரிக்கு உதவும் என்று எண்ணியே இதனை எழுதுகிறேன்.

2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியேறி, முகாமில் இருந்து, பிறகு எங்கள் காணிக்குத் திரும்பி வந்தபோது, வீடும் இல்லை, வீட்டுக்காரரும் இல்லை. கையில் இருந்தது ஒரு குழந்தையும், தமிழ் தட்டச்சுப் பழகிய பத்து விரல்களும் மட்டுமே. சந்தியில் புதிதாகத் திறந்த கொமினிகேஷன் கடையில் பக்கத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில் அடித்துக் கொடுக்கத் தொடங்கினேன். அந்த வேலையே எங்கள் இருவருக்கும் இத்தனை வருடமாகச் சோறு போட்டது.

கடையில் என்னிடம் கடிதம் அடிக்க வருகிறவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். காணி விடுவிப்புக்கு மனு, வீட்டுத்திட்டத்தில் பெயர் சேர்க்கக் கடிதம், கடன் கம்பனிக்குத் தவணை கேட்டுக் கடிதம், காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு விண்ணப்பம் என்று பல. இவற்றில் எதுவுமே நாலுபேர் முன்னிலையில் சத்தமாகச் சொல்லக்கூடிய விடயம் அல்ல. கடையிலோ போட்டோப் பிரதி எடுக்கவும், போனுக்குக் காசு போடவும் ஆட்கள் வந்து நின்றபடியே இருப்பார்கள். மகனை எந்த இடத்தில், எந்த நாளில் கடைசியாகக் கண்டேன் என்று ஒரு தாய் சொல்லத் தொடங்கும்போது, பின்னால் நிற்கிற பெடியன் "அக்கா, கெதியாய் முடியுங்கோ" என்பான். பாதியில் எழுந்து "பிறகு வாறன் பிள்ளை" என்று போய்த் திரும்பி வராத தாய்மார் பலர். அவர்களில் ஒருவர் ஒருநாள் தெருவில் என்னைக் கண்டு சொன்னார், "உன்ர வீட்டில மெஷின் இருந்தால் ஆறுதலாய் இருந்து சொல்லுவன் பிள்ளை. கடைக்குள்ள எனக்கு வாய் வராது."

அன்றைக்குத்தான் சொந்தக் கணினி என்பது எனக்கு ஒரு தேவையாகத் தெரிந்தது. மகளும் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவில் படித்துக்கொண்டிருந்தாள். 2020இல் கொரோனாவால் பள்ளிக்கூடங்களைப் பூட்டியபோது ஒரு சின்னப் போனில் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி அவள் படித்ததும் என் மனதில் இருந்தது.

கையில் இருந்த காசும் முன்னால் இருந்த மூன்று வழியும்

சீட்டு விழுந்த காசும் இரண்டு கடாக்களை விற்ற காசுமாக என்னிடம் 125,000 ரூபா இருந்தது. இதற்குமேல் ஒரு சதம் கிடையாது. இதில் பிழைபட்டால் திரும்ப அந்தத் தொகையைச் சேர்க்க எனக்கு மூன்று வருடம் செல்லும். ஆகவே அவசரப்படாமல் இரண்டு மாதம் விசாரித்தேன். என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. தவணைக்குப் புது மடிக்கணினி எடுப்பது முதலாவது. பாவித்த மேசைக்கணினியை முழு செற்றாக வாங்குவது இரண்டாவது. பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நாங்களே பூட்டுவது மூன்றாவது.

முதலாவது வழியைப் பற்றிச் சொல்கிறேன். மடிக்கணினி நல்ல பொருள். கரண்ட் நின்றாலும் பற்றரியில் ஓடும். 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் விலையைக் கேட்டபோது தலை சுற்றியது. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறிவிட்டது. பிறகு கொஞ்சம் இறங்கி 300 அளவில் வந்து நின்றாலும் பழைய விலை திரும்பி வரவில்லை. அதற்குமேல் 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமாகியது. கணினிப் பாகங்கள் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வருபவை. டொலர் ஏறினால் அவையும் ஏறும்.

நகரத்தில் ஒரு கடையில் 185,000 ரூபாப் பெறுமதியான மடிக்கணினியைத் தவணைக்குத் தருவதாகச் சொன்னார்கள். முதற்கட்டணம் 45,000 ரூபா, பிறகு 24 மாதத்துக்கு மாதம் 8,950 ரூபா. "மாதம் ஒன்பதாயிரம்கூட இல்லை அக்கா" என்று அந்தத் தம்பி சொன்னார். நான் அங்கேயே காகிதத்தில் பெருக்கிப் பார்த்தேன். 24 தவணையும் சேர்ந்தால் 214,800 ரூபா. முதற்கட்டணத்துடன் 259,800 ரூபா. அதாவது பொருளின் விலைக்கு மேல் 74,800 ரூபா. அந்த மேலதிகக் காசில் பாவித்த கணினி ஒன்றையே எடுத்துவிடலாம்.

சகோதரிகளே, மாதக் கட்டணத்தைக் காட்டி யாராவது எதையாவது தரவந்தால் முதலில் இந்தப் பெருக்கலைச் செய்யுங்கள். நுண்கடன் எங்கள் பகுதிப் பெண்களை என்ன பாடு படுத்தியது என்று நான் சொல்லத் தேவையில்லை. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்திருந்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வரவேண்டிய நிலைமை வந்தது. மாதம் தவறாமல் சம்பளம் வருகிறவருக்குத் தவணை சரிவரலாம். பக்கத்துக்குக் காசு வாங்குகிற எனக்கு, மாரியில் வெள்ளம் வந்து பத்து நாள் சனம் வெளிக்கிடாவிட்டால் தவணை எங்கிருந்து வரும்? ஆகவே முதலாவது வழியை விட்டுவிட்டேன்.

பாவித்த கணினியில் பார்க்கவேண்டியது

இரண்டாவது வழி எனக்கு நல்லதாகவே பட்டது. வெளிநாட்டுக் கம்பனிகளில் பாவித்துக் கழித்த சின்ன மேசைக்கணினிகள் எங்கள் நாட்டுக்கு நிறைய வருகின்றன. கம்பனிகளுக்கென்று செய்யப்பட்டபடியால் அவை உறுதியானவை. விலையும் குறைவு. ஆனால் மலிவாக இருக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது.

என் அண்ணாவின் மகன் வவுனியாவில் கணினி திருத்தும் வேலை செய்கிறான். தொழினுட்பக் கல்லூரியில் முறையாகப் படித்தவன். அவன் எனக்கு ஒரு விடயத்தைச் சொல்லித்தந்தான். "மாமி, இன்ரெல் ஐ3, ஐ5 எண்டு மட்டும் பாக்காதேங்கோ. அதுக்குப் பின்னால இருக்கிற இலக்கத்தைப் பாருங்கோ. ஐ5-4590 எண்டால் நாலாம் தலைமுறை. ஐ5-8500 எண்டால் எட்டாம் தலைமுறை. ஐஞ்சு இலக்கமாய் 12100 எண்டு இருந்தால் பன்னிரண்டாம் தலைமுறை."

இந்த இலக்கம் ஏன் முக்கியம் என்றால், விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடியும் என்று மைக்ரோசொப்ற் நிறுவனம் முன்னரே அறிவித்திருந்தது. அவ்வாறே முடிந்தும்விட்டது. விண்டோஸ் 11 போடுவதற்கு, இன்ரெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். எட்டாம் தலைமுறை மேசைக்கணினிகள் 2017இன் பிற்பகுதியில் வந்தவை. நாலாம் தலைமுறை 2013இல் வந்தது. கடைகளில் மிக மலிவாக அடுக்கியிருப்பவை பெரும்பாலும் அந்தப் பழைய தலைமுறைகள்தான். லினக்ஸ் போட்டுப் பாவிக்கிறவர்களுக்கு அவையும் உதவும். விண்டோஸ் வேண்டும் என்கிறவர்கள் அதை வாங்கினால் பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை.

எட்டாம் தலைமுறைக் கணினி ஒன்று என் காசுக்குள் அடங்கியது. அதை எடுத்திருந்தாலும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இரண்டு விடயங்கள் என்னை யோசிக்க வைத்தன. இந்தச் சின்னக் கணினிகளில் பல, தம் கம்பனிக்கென்றே செய்த பவர் சப்ளையையும் தாய்ப்பலகையையும் கொண்டவை. அது பழுதானால் சந்திக் கடையில் கிடைக்கிற சாதாரணப் பாகத்தைப் போட முடியாது. அதே கம்பனியின் பாகத்தைத் தேடி அலையவேண்டும். மற்றது, கடைக்காரர் தந்த உத்தரவாதம் மூன்று மாதம் மட்டுமே.

சைக்கிள் பூட்டிய எங்களுக்கு

மூன்றாவது வழியை மருமகன்தான் சொன்னான். "மாமி, நீங்கள் சாமான்களை வாங்கித் தாங்கோ. நான் வந்து பூட்டித் தாறன்." எனக்கு முதலில் பயமாகவே இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். பொருளாதாரத் தடைக்காலத்தில் வாழ்ந்தவர்கள் நாங்கள். பற்றரி இல்லாத நாளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுற்றி றேடியோவில் செய்தி கேட்டோம். ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கு எரித்தோம். ஒரு சைக்கிளின் பிறேம், இன்னொன்றின் றிம், வேறொன்றின் செயின் என்று பூட்டிய சைக்கிளில்தான் மூட்டையும் பிள்ளையும் ஏற்றி இடம்பெயர்ந்தோம். பூட்டிய சைக்கிளின் அருமை என்னவென்றால், எந்தப் பாகம் பழுதோ அதை மட்டும் மாற்றலாம். கணினியும் அப்படித்தான் என்று அவன் விளங்கப்படுத்தினான்.

ஒரு கணினிக்குள் இருப்பவை ஏழெட்டுப் பாகங்களே. கணக்குப் போடுகிற மூளையாகிய புரொசெசர், எல்லாவற்றையும் இணைக்கிற தாய்ப்பலகை, வேலை செய்யும்போது தகவலை வைத்திருக்கிற றாம், எழுதியதைச் சேமித்து வைக்கிற எஸ்.எஸ்.டி., கரண்டை மாற்றிக் கொடுக்கிற பவர் சப்ளை, இவற்றை அடக்குகிற பெட்டி. வெளியே மொனிற்றர், கீபோட், மவுஸ். தட்டச்சுக்கும் படிப்புக்கும் தனியாகக் கிறபிக்ஸ் காட் தேவையில்லை. புரொசெசரிலேயே அது சேர்ந்து வரும்.

அவன் ஒரு பட்டியல் எழுதினான். நான் கடை கடையாக விலை கேட்டு எதிரே எழுதினேன். பன்னிரண்டாம் தலைமுறை ஐ3 புரொசெசர் 38,000 ரூபா. அதற்குப் பொருந்தும் தாய்ப்பலகை 28,000. 8 ஜீ.பீ. றாம் 8,500. 256 ஜீ.பீ. எஸ்.எஸ்.டி. 9,000. பெட்டியும் தனியாக வாங்கிய பவர் சப்ளையும் 15,000. பாவித்த மொனிற்றர் 10,000. கீபோட்டும் மவுஸும் 3,000. 650 வீ.ஏ. யூ.பி.எஸ். 12,500. கூட்டினால் 124,000 ரூபா. மிச்சம் ஆயிரம் ரூபா பஸ் காசு. பிரின்ரருக்கு இடமில்லை. அதைப் பிறகு பார்ப்பது என்று விட்டுவிட்டேன். இவை 2024இல் எனக்குச் சொல்லப்பட்ட விலைகள். இன்று இதே விலை இருக்காது. எதற்கு எவ்வளவு ஒதுக்கினோம் என்ற அளவைத்தான் பார்க்கவேண்டும்.

எங்கே புதிது, எங்கே பழையது என்பதிலும் ஒரு கணக்கு இருந்தது. மொனிற்றர் பழையதாக இருக்கலாம். பழுதானால் அதை மட்டும் மாற்றலாம், மற்றப் பாகங்களுக்கு ஆபத்தில்லை. பவர் சப்ளை அப்படியல்ல. பெட்டியோடு சும்மா வருகிற மலிவான பவர் சப்ளை எரியும்போது தாய்ப்பலகையையும் சேர்த்துக் கொண்டு போய்விடும். எஸ்.எஸ்.டி.யும் புதிதாகவே இருக்கவேண்டும், எங்கள் உழைப்பெல்லாம் அதற்குள்தான் இருக்கப்போகிறது. றாம் 8 ஜீ.பீ. ஒரே கட்டையாக வாங்கினோம். தாய்ப்பலகையில் மற்ற இடம் வெறுமையாக இருந்தால் பிறகு காசு வரும்போது இன்னொன்றைப் போடலாம்.

கடையில் நடந்தது

நானும் மகளும் மருமகனும் கடைக்குப் போனோம். காசும் பட்டியலும் என் கையில் இருந்தன. ஆனால் கடைக்காரர் ஆரம்பம் முதல் முடிவுவரை மருமகனுடன்தான் கதைத்தார். நான் விலை கேட்டால் பதில் அவனுக்குப் போகும். "வீட்டில ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ அக்கா, தம்பி சின்னப் பெடியன்தானே" என்றும் கேட்டார். பெண் தலைமை தாங்கும் குடும்பங்கள் எத்தனையோ உள்ள எங்கள் மாவட்டத்தில் கேட்கக்கூடிய கேள்வியா அது? "சாமான் வாங்கிறது நான்தான் தம்பி, காசும் என்னட்டைத்தான் இருக்கு" என்று சிரித்தபடியே சொன்னேன். அதற்குப் பிறகு கொஞ்சம் என் பக்கமும் திரும்பினார்.

புரொசெசர் எடுக்கும்போது, "இதே 12100தான், இதில விலை குறைவாய் ஒண்டு இருக்கு, அதை எடுங்கோ" என்று ஒரு பெட்டியைத் தந்தார். பெட்டியை வாங்கிப் பார்த்த மகள், "அம்மா, இலக்கத்துக்குப் பின்னால எஃப் எண்டு இருக்கு" என்றாள். இன்ரெல் புரொசெசரில் எஃப் என்று முடிந்தால் அதற்குள் கிறபிக்ஸ் இல்லை. தனிக் காட் வாங்காமல் அதைப் பூட்டினால் மொனிற்றரில் படமே வராது. மலிவாக வாங்கிவிட்டு, பிறகு காட் வாங்க இன்னும் எவ்வளவோ கொடுக்கவேண்டும். ஓர் எழுத்துக்கு இவ்வளவு வித்தியாசம். கடைக்காரர் வேண்டுமென்று செய்தாரா, விற்காமல் கிடந்ததைத் தள்ளப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. நாங்கள் எழுதிக்கொண்டு போன இலக்கத்தையே எழுத்துக்கு எழுத்து கேட்டு வாங்கினோம். றாமும் அப்படித்தான். டீ.டீ.ஆர்.4 இற்கு உரிய பலகையில் டீ.டீ.ஆர்.5 ஏறாது. வெட்டுப் பள்ளம் வேறு இடத்தில் இருக்கும்.

பவர் சப்ளைப் பெட்டியின் ஸ்ரிக்கர் ஏற்கனவே உரிக்கப்பட்டிருந்தது. வேறு பெட்டி கேட்டேன். முகம் சுளித்தாலும் தந்தார். பற்றுச்சீட்டில் ஒவ்வொரு பாகத்தின் தொடரிலக்கத்தையும் உத்தரவாதக் காலத்தையும் எழுதித் தரும்படி கேட்டு வாங்கினேன். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்கவேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. பழுதான பொருளைத் தந்துவிட்டுக் கடை கைவிரித்தால் அந்த அதிகாரசபைக்கு வாங்கிய மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விசாரிக்கலாம். ஆனால் கையில் பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் நியாயம் கேட்பது கடினம்.

மேசையில் பூட்டிய மாலை

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்கினோம். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் பாகங்களைக் கெடுக்கும் என்பதால் இடைக்கிடை பெட்டியின் இரும்பைத் தொடும்படி மருமகன் சொன்னான். தாய்ப்பலகையில் புரொசெசர் இருக்கிற இடத்தில் தலைமயிர் போன்ற நுண்ணிய ஊசிகள் ஆயிரத்துக்கும் மேல் இருந்தன. அதில் ஒன்று வளைந்தாலும் உத்தரவாதம் போய்விடும். அந்த ஓர் இடத்தில் மட்டும் அவன் எங்களைக் கைவைக்க விடவில்லை. விசிறியின் அடியில் சாம்பல் நிறப் பசை ஏற்கனவே பூசியிருந்தது. அதை விரலால் தொடக்கூடாது. மற்றவற்றை மகளே செய்தாள். றாமை அழுத்தினாள், எஸ்.எஸ்.டி.யைத் திருகினாள், பெரிய வயரையும் சின்ன வயரையும் அதனதன் இடத்தில் கொழுவினாள். ஒவ்வொன்றையும் எப்படிக் கழற்றுவது என்று நான் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

முதற்தரம் போட்டபோது விசிறி சுற்றியது, படம் வரவில்லை. எனக்கு நெஞ்சு அடைத்தது. மருமகன் பதறவில்லை. கரண்டை நிற்பாட்டி, றாமைக் கழற்றி, இரண்டு பக்கமும் கிளிக் என்ற சத்தம் கேட்கும்வரை அழுத்தினான். இரண்டாம் தரம் படம் வந்தது. அன்றிரவு பதினொரு மணிவரை இருந்து லினக்ஸையும் லிப்ரே ஒபிஸையும் போட்டோம். இரண்டுக்கும் காசில்லை, திருட்டுப் பிரதியும் இல்லை. தமிழ் யூனிகோட்டில் அடிக்கலாம்.

பூட்டியதால் கிடைத்தது

காசு மிச்சம் என்று சிலர் சொல்வார்கள். உண்மையில் எட்டாம் தலைமுறைப் பாவித்த கணினியை எடுத்திருந்தால் இதைவிடக் காசு மிஞ்சியிருக்கும். எனக்குக் கிடைத்த நன்மை வேறு. என் கணினிக்குள் இப்போது பல பெண்களின் கதைகள் இருக்கின்றன. மகனைத் தேடுகிற தாயின் கடிதம், கணவனின் அடிக்கு எதிராகப் பொலிஸுக்கு எழுதிய முறைப்பாடு, கடன்காரனுக்கு எழுதிய மன்றாட்டம். கணினி பழுதாகித் திருத்தக் கொடுத்தால் அவை இன்னொருவர் கண்ணில் படலாம். எனக்கு இப்போது பெட்டியைத் திறந்து எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு மிச்சத்தைத் திருத்தக் கொடுக்கத் தெரியும். இந்த ஒரு காரணத்துக்காகவே பூட்டிய கணினி எனக்குப் பெறுமதி. வாங்கியவர்களும் இதனைப் பழகிக்கொள்ளலாம். அழித்த கோப்பு உண்மையில் உடனே அழிவதில்லை, மென்பொருள் கொண்டு திரும்ப எடுக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள். பழைய கணினியை விற்கும்போது டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

என் வீட்டுக்கு முதலில் வந்தவர், தெருவில் என்னிடம் அப்படிச் சொன்ன அந்தத் தாய்தான். தேத்தண்ணி குடித்தார். அரை மணித்தியாலம் ஒன்றுமே பேசவில்லை. பிறகு தொடங்கினார். நான் இடையில் மறிக்காமல் அடித்தேன். நாலு பக்கம் வந்தது. வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னார். இத்தனை வருடத்தில் தன் கதையைத் தானே திருத்திய முதல் நாள் இது என்றார். கடிதத்தால் அவருக்குப் பதில் ஏதும் கிடைத்ததா என்று கேட்காதீர்கள். இன்னும் இல்லை. ஆனால் முழுதாகச் சொல்லப்பட்ட ஒரு கடிதம் அவர் கையில் இருக்கிறது. அதன் பிரதி என்னிடம் கடவுச்சொல்லுக்குள் பத்திரமாக இருக்கிறது.

ஆறு மாதத்தில் உழைத்த காசில் பாவித்த லேசர் பிரின்ரர் ஒன்றும் வாங்கினேன். பிறகு கடைக்குப் போகத் தேவையிருக்கவில்லை.

இடியும் மின்வெட்டும்

பூட்டினாலும் வாங்கினாலும் எங்கள் பகுதியில் கணினிக்குப் பெரிய எதிரி இடிமின்னல். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேரங்களில் இடி கூட. இடியால் எரிந்த பாகத்துக்குக் கடைகள் பெரும்பாலும் உத்தரவாதம் தருவதில்லை. பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் அது இருக்கும். வானம் இருண்டால் சுவிச்சை நிற்பாட்டினால் மட்டும் போதாது. பிளக்கையே கழற்றவேண்டும். இணைய வயர் இருந்தால் அதையும் கழற்றவேண்டும். யூ.பி.எஸ். என்பது கரண்ட் நின்றபின் மணிக்கணக்கில் வேலை செய்வதற்கல்ல. அடித்ததைச் சேமித்து முறையாக நிற்பாட்டச் சில நிமிடம் தருவதற்கே. அதன் பற்றரியை இரண்டு மூன்று வருடத்துக்கொருமுறை மாற்றவேண்டி வரும்.

எல்லோருக்கும் ஒரே பதில் இல்லை

நான் பூட்டினேன் என்பதற்காக எல்லோரும் பூட்டவேண்டும் என்று சொல்லவரவில்லை. என் பக்கத்து வளவில் இருக்கிற முன்பள்ளி ஆசிரியைக்கு உதவிக்கு ஆள் இல்லை. கணினியைப் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுபோக வேண்டும். அவர் ஆறு மாத உத்தரவாதத்துடன் பாவித்த மடிக்கணினி ஒன்றை, கடன்படாமல், எட்டாம் தலைமுறை என்று பார்த்து வாங்கினார். வாங்குமுன் கடையிலேயே அரை மணித்தியாலம் பற்றரியில் ஓடவிட்டுப் பார்த்தார். ஒவ்வொரு எழுத்தையும் தட்டிப் பார்த்தார். அவருக்கு அதுவே சரியான முடிவு.

பூட்டுவதென்றால் நம்பிக்கையான ஒருவர் அருகில் இருக்கவேண்டும். பழுது வந்தால் எந்தப் பாகம் என்று கண்டுபிடிக்கவேண்டியதும் நாங்களே, ஒவ்வொரு கடையாக உத்தரவாதம் கேட்டுப் போகவேண்டியதும் நாங்களே. முழுதாக வாங்கினால் ஒரே கடை, ஒரே பற்றுச்சீட்டு. இதற்கிடையில் 2025இன் இறுதிப் பகுதியிலிருந்து உலகச் சந்தையில் றாமின் விலை வெகுவாக ஏறத்தொடங்கியது. பூட்டுகிறவர்களின் கணக்கை இது மாற்றிவிடும். ஆகவே அன்றைய விலையை அன்றே கேட்டு, இரண்டு வழியையும் ஒரே காகிதத்தில் எழுதிப் பார்த்து முடிவெடுங்கள்.

எந்த வழியானாலும் கடைக்குப் போகுமுன் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ளுங்கள். இதனால் எனக்கு என்ன வேலை நடக்கவேண்டும்? கடன்படாமல் என்னிடம் எவ்வளவு இருக்கிறது? பழுதானால் யார் திருத்துவார், பாகம் எங்கே கிடைக்கும்? உள்ளே இருக்கிற எங்கள் கடிதங்களும் படங்களும் யார் கையில் போகும்? இந்த நான்குக்கும் விடை தெரிந்த பெண்ணைக் கடைக்காரர் எவரும் இலகுவில் ஏமாற்ற முடியாது.

சைக்கிளைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த கைகளுக்குக் கணினி பெரிய வித்தை அல்ல. வாங்குகிறோமோ, பூட்டுகிறோமோ, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறையாவது திறந்து பாருங்கள். உங்கள் பெண்பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறந்து பாருங்கள்.